எழுத எழுதக் கனம் கூடினால் என்ன செய்வது?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலூர் பக்கத்துக் கிராமத்தில் மாமியாருடன் இருக்கிறீர்கள். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நீங்கள் தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறீர்கள். எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்று தோழி ஒருத்தி சொன்னதால், வீடு அடங்கிய பிறகு ஒரு குயர் நோட்டில் மனத்தில் பட்டதையெல்லாம் எழுதத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. பாரம் இறங்கவில்லை, எழுத எழுதக் கூடுகிறது, எழுதி முடித்தால் உறக்கமும் வருவதில்லை என்கிறீர்கள். எழுதுவதை விட்டுவிடலாமா, எழுதும் முறையில்தான் பிழையா, நோட்டு வீட்டில் யார் கையிலாவது அகப்பட்டால் என்ன ஆகும் என்பவை உங்கள் கேள்விகள்.

விட வேண்டாம், முறையை மாற்றினால் போதும் என்பது என் கருத்து. மதுரையில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் உளவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், சொந்த வாழ்க்கையில் ஒரு கசப்பான காலத்தை எழுத்தின் துணையோடு கடந்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். உங்கள் தோழி நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆயினும் 'எல்லாவற்றையும் கொட்டிவிடு' என்ற அந்த அறிவுரை பாதிதான் சரி. கவிழ்த்தால் காலியாகிவிடுவதற்கு மனம் குடம் இல்லை. கொட்டிய பிறகு, கொட்டியதைச் சுளகில் அள்ளிப் புடைத்து, அரிசி எது, கல் எது, உமி எது என்று பார்க்கும் வேலை இருக்கிறது. நாட்குறிப்பின் பயன் முழுவதும் அந்தப் புடைக்கும் வேலையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எழுதிய உடனே மனம் கனப்பது உங்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. இந்தத் துறையில் முதன்மையான ஆய்வை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து நடத்தி 1986ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைச் சில குழுக்களாகப் பிரித்து, நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். ஒரு குழு சாதாரண விஷயங்களை எழுதியது. ஒரு குழு தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரின் நிகழ்ச்சிகளை மட்டும் எழுதியது. இன்னொரு குழு அதுபற்றிய உணர்ச்சிகளை மட்டும் எழுதியது. மற்றொரு குழு நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியது. துயரைப் பற்றி உணர்ச்சியோடு எழுதியவர்களுக்கு எழுதி முடித்த நேரத்தில் மனச்சோர்வு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதிய குழுவினர்தான் நோய் என்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எழுதியவுடன் வரும் கனத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, நிகழ்ச்சியும் உணர்ச்சியும் ஒரே பக்கத்தில் சந்திக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

அதன்பின் பென்னபேக்கரும் அவருடன் உழைத்தவர்களும் அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளின் சொற்களைக் கணினியில் எண்ணிப் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே வந்தனவோ, அவர்களுடைய உடல்நலமே அதிகம் தேறியது என்பது 1997இல் வெளிவந்த முடிவு. முதல் நாளே தெளிவாக எழுதியவர்கள் அவ்வளவு பயன் பெறவில்லை. குழப்பமாகத் தொடங்கிக் கடைசி நாளில் ஒரு கதையாகக் கோத்து முடித்தவர்களே பெற்றார்கள். பலனை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. 2006ஆம் ஆண்டில் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, இப்படி எழுதுவதால் கிடைக்கும் சராசரி நன்மை உண்மையானது, ஆனால் சிறியது என்றுதான் கண்டது. ஒரு நோட்டும் பேனாவும் செய்யும் வேலைக்கு அந்தச் சிறிய நன்மையே போதுமானது என்று நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். 'நான் இந்த வீட்டில் யாருக்கும் வேண்டாதவள்' என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் வருகிறது என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் நோய்க்குறி. ஒரே வாக்கியம் அறுபது பக்கத்தில் வந்தால், எழுதியது அறுபது பக்கம் ஆகாது. ஒரு பக்கத்தை அறுபது முறை எழுதியிருக்கிறீர்கள். அரைத்த மாவையே அரைப்பது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். உளவியலில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த அசைபோடும் பழக்கத்தை ஆராய்வதில் செலவிட்டார். துயரத்தில் இருக்கும்போது அதன் காரணங்களையும் விளைவுகளையும் சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டே இருப்பவர்களுக்குச் சோர்வு நீள்கிறது என்பதை அவர் ஆய்வுகள் காட்டின. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற கேள்வி வெளியே பார்க்க ஆராய்ச்சிபோலத் தோன்றும். உண்மையில் அது செக்கு மாடு சுற்றும் வட்டம். அந்தக் கேள்வியைப் பேனாவால் கேட்டாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

வட்டத்தை உடைக்க ஒரு வழி, பொதுவான வாக்கியத்தை விட்டுவிட்டு ஒரு நாளை, ஒரு நேரத்தை எடுத்துக்கொள்வது. உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், தீபாவளி விற்பனை நேரத்தில் ஓர் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது சோற்றுப்பானை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோட்டின் அறுபது பக்கத்தையும்விட அந்த ஒரு வரியில் அதிக விஷயம் இருக்கிறது. அந்த இரவை எடுத்துக்கொண்டு, நடந்ததை முதலில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்திருந்தால் எதைக் கண்டிருப்பாரோ அதை மட்டும் எழுதுங்கள். பஸ் தாமதமாக வந்தது; வீட்டில் விளக்கு அணைந்திருந்தது; பானை கவிழ்ந்திருந்தது; மாமியார் படுத்திருந்தார்; நீங்கள் இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தீர்கள். இதில் 'வேண்டாதவள்' என்ற சொல்லுக்கு இடமில்லை, ஏனென்றால் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அது உங்கள் மனம் அந்தப் பானையைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. ஆகவே அதை அடுத்த பத்தியில், 'என் மனம் சொன்னது' என்று தொடங்கி எழுதுங்கள். நடந்ததும் மனம் சொன்னதும் வெவ்வேறு பத்தியில் வந்து நிற்பதைக் கண்ணால் பார்ப்பதே பலருக்குப் பாதி விடுதலை. மாமியார் சாயங்காலத்திலிருந்தே காய்ச்சலாகப் படுத்திருந்தாரா, நீங்கள் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவீர்கள் என்று நினைத்தாரா, அல்லது உண்மையிலேயே வேண்டுமென்றுதான் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அந்த இரவில் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தெரியாமையையும் எழுதலாம்.

பிறகு உடம்பு. எங்கே என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள்: தொண்டை அடைத்ததா, வயிறு எரிந்ததா, கை நடுங்கியதா, காது சுட்டதா. இதை நாம் வெளியிலிருந்து கற்கத் தேவையில்லை. 'நெஞ்சு அடைக்குது', 'வயிறு எரியுது', 'கையும் ஓடலை காலும் ஓடலை' என்று உணர்ச்சியை உடம்பின் வழியாகச் சொல்வது நம் பேச்சில் ஊறிக் கிடக்கிறது. என்னிடம் வந்து பேசியவர்களில் பலர், 'என்ன உணர்ந்தீர்கள்' என்று கேட்டால் விழிப்பார்கள். 'எங்கே பிசைந்தது' என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

அதன் பின்னர்தான் உணர்ச்சிக்குப் பெயர் வைக்க வேண்டும், இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். நாட்குறிப்பு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கோபம், கவலை, வருத்தம் என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். தமிழில் எத்தனை நுட்பமான சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உரிமை உள்ளவர்களிடம் மட்டுமே மனத்தாங்கல் வரும். பஸ் கண்டக்டரிடம் எரிச்சல் வரலாம், மனத்தாங்கல் வராது. நன்றாக இருந்திருக்க வேண்டிய ஒன்று கெட்டுப்போகிறதே என்ற அக்கறை கலந்த துன்பம் ஆதங்கம். செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய வகையில்லாமல் தவிப்பது ஆற்றாமை. வெளியே சொல்ல முடியாமல் உள்ளேயே புகைவது குமைச்சல். இனி எதிர்பார்த்துப் பயனில்லை என்று மனம் கைவிட்ட நிலை விரக்தி. கிடைக்காத ஒன்றின் பக்கம் மனம் சாய்ந்தே நிற்பது ஏக்கம். நம் தென்மாவட்டத்துப் பெண்கள் 'வெப்புராளம்' என்று ஒரு சொல் சொல்வார்கள். உள்ளே கொதிக்கிற அந்தப் பொருமலை அவ்வளவு சரியாகச் சொல்லும் வேறு சொல்லை நான் அறியேன். உங்கள் கடிதத்தில் 'கோபம்' என்று எழுதிய இடங்களையெல்லாம் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் படித்துப் பார்த்தேன். பானையைப் பற்றிய வரியில் எனக்குக் கோபம் தெரியவில்லை. அன்று இரவு கணவர் போனில் கூப்பிடவில்லை என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். மாமியாரிடம் வந்த எரிச்சலும் கணவரிடம் வந்த மனத்தாங்கலும் ஒரே முடிச்சாக விழுந்துவிட்டனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். சரியான பெயரை உங்களால்தான் வைக்க முடியும்.

சரியான பெயர் ஏன் முக்கியம் என்றால், பெயர் மாறினால் செய்ய வேண்டியதும் மாறுகிறது. எரிச்சல் என்றால் பசியையும் களைப்பையும் கவனிக்கலாம். மனத்தாங்கல் என்றால் உரியவரிடம் பேசியாக வேண்டும். விரக்தி என்றால் துணை தேட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. மாத்யூ லீபர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, பயமும் கோபமும் தெரியும் முகப் படங்களைச் சிலரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்து மூளையைக் கவனித்தது. அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அமிக்டலா என்ற, அச்சத்தோடு நெருங்கிய தொடர்புள்ள மூளைப்பகுதியின் துடிப்பு குறைந்ததை 2007இல் அவர்கள் வெளியிட்டார்கள். சொல் கிடைத்தால் கொதிப்பு சற்றுத் தணிகிறது.

நம்மிடம் இதற்கு மிகப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நான்கு நான்கு என்று வகுக்கிறது. அழுகைக்கு அது கூறும் நான்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு, உறவையோ பொருளையோ இழப்பது இழவு, முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது அசைவு, இல்லாமை வறுமை. செய்யுளுக்காகச் சொன்ன இலக்கணம்தான் இது. ஆனாலும் அழுகை வரும் நாளில், 'இந்த நான்கில் என் அழுகை எங்கே பிறந்தது' என்று கேட்டு எழுதிப் பார்த்தால், எத்தனையோ பக்கம் எழுதியும் கிடைக்காத விடை கிடைக்கக்கூடும்.

எனக்கு அப்படித்தான் கிடைத்தது. எங்கள் பூர்விக வீடு வாடிப்பட்டிக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருந்தது. அம்மா காலமான மறு ஆண்டு என் தம்பி அதை விலை பேசி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டான். விலையில் குறையில்லை, என் பங்கும் சரியாக வந்து சேர்ந்தது. இருந்தும் ஏழெட்டு மாதம் நான் அவனோடு பேசவில்லை. அந்த நாட்களில் நான் எழுதிய பக்கங்களில் கோபம், துரோகம் என்ற இரண்டு சொற்களே திரும்பத் திரும்ப இருந்தன. பிறகு ஒருநாள் இந்த நான்கையும் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். வறுமை இல்லை. அசைவும் இல்லை. இழவு இருந்தது: அம்மா மாவாட்டிய ஆட்டுரல் அந்த வீட்டுப் பின்கட்டில் கிடந்தது, அது வீட்டோடு போய்விட்டது. இளிவும் இருந்தது: மூத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதிய பிறகே என்னால் தம்பிக்குப் போன் செய்ய முடிந்தது. உரலைப் பற்றி மட்டும் பேசினேன். வீட்டை வாங்கியவரிடம் கேட்டு அவன் அதை வேனில் ஏற்றி அனுப்பிவைத்தான். கேளாமல் விலை பேசியதற்கு அவன் இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தப் பாதி என்னிடம் அப்படியே இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு பெரியது என்று எனக்கு இப்போது தெரியும், அதனால் அவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது.

எந்தத் தமிழில் எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய பத்தி பள்ளிக்கூடக் கட்டுரைபோல இருந்தது. எனக்கு எழுதும்போது அப்படி எழுதுவது முறைதான். நோட்டில் அப்படி எழுத வேண்டாம். எந்தப் பேச்சில் உங்களைத் திட்டினார்களோ, எந்தப் பேச்சில் நீங்கள் மனத்துக்குள் பதில் சொன்னீர்களோ, அந்தப் பேச்சில் எழுதுங்கள். 'என் மாமியார் என்னைக் கடிந்துகொண்டார்' என்று எழுதினால் அந்தக் காட்சி விறைத்துப் போய்விடுகிறது. அவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதினால் அது உயிரோடு வந்து நிற்கிறது, நீங்களும் அதை மறுபடி, இம்முறை பாதுகாப்பான தூரத்தில் இருந்து, கேட்க முடிகிறது. தமிழில் நாட்குறிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருகிற புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதியதைத் தம் காலத்துப் பேச்சு வழக்கை ஒட்டித்தான் எழுதினார். பிரெஞ்சு கவர்னர் சொன்னதும் தாம் சொன்னதும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோல அதில் வரும். எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை எதையும் பார்க்க வேண்டாம். கண்டக்டர் மாதிரி கிறுக்கினாலும் சரி.

ஒரே விஷயத்தை நான்கு நாள் தொடர்ந்து எழுதும்போது, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, 'நான்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லி, 'இவள் அன்று கடையிலிருந்து வந்தாள்' என்று வேறொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல எழுதலாம். அல்லது உங்கள் நெஞ்சையே எதிரில் உட்காரவைத்து அதனிடம் கேட்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் என்பவரும் அவருடன் ஆய்ந்தவர்களும், நெருக்கடியான நேரத்தில் 'நான்' என்பதற்குப் பதிலாகத் தம் பெயரைச் சொல்லித் தமக்குள் பேசிக்கொண்டவர்கள் பதற்றத்தைச் சமாளிப்பதில் மேம்பட்டிருந்ததை 2014இல் வெளியிட்டார்கள். நமக்கு இது புதிதில்லை. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்தின் பெயரே 'நெஞ்சொடு கிளத்தல்'. பிரிவில் வாடும் தலைவி அதில் தன் நெஞ்சைத் தனி ஆளாக நிறுத்தி அதனோடு பேசுகிறாள், மருந்து கேட்கிறாள், அதன் பேதைமையைச் சொல்லிக் கடிகிறாள். கணவர் தொலைவில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பத்துக் குறளும் வேறு யாரையும்விடச் சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன். ஒரு நாளாவது மாமியாரின் இடத்தில் நின்று, அவர் வாயால், அவர் பேச்சில் அந்த இரவை எழுதிப் பாருங்கள். அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. எழுத்தில் 'நான்', 'அவள்', 'அவர்கள்' என்று நாளுக்கு நாள் பார்வை மாறிவருகிறவர்களே உடல்நலத்தில் தேறினார்கள் என்று பென்னபேக்கர் இன்னோர் ஆய்வாளரோடு 2003இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது.

உறக்கம் வராததற்குக் காரணம் நேரம் என்றே நினைக்கிறேன். இரவு பதினோரு மணிக்கு ஆறாத காயத்தைக் கிளறிவிட்டு விளக்கை அணைத்தால் எப்படி உறக்கம் வரும்? மனத்தைப் பற்றி எழுதும் எழுத்தைப் பகலுக்கோ, குறைந்தது உறங்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னாலோ மாற்றிக்கொள்ளுங்கள். போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் பாதி வாக்கியத்திலேயே நிறுத்துங்கள். எழுதியதும் எழுந்து வேறு வேலை பாருங்கள். முகம் கழுவலாம், நடந்துவிட்டு வரலாம். நான் மதுரையில் எழுதிய நாட்களில் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிவந்துவிட்டுத்தான் வீட்டாரோடு பேசுவேன். இரவில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் எழுதுங்கள்: கேஸ் புக் செய்வது, சீட்டுப் பணம் கட்டுவது, ரேஷன் கடை. டெக்சாஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்ததில், படுக்கும் முன் 5 நிமிடம் இனி செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். 2018இல் அது வெளிவந்தது. வேலைகளை விவரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவில் உறங்கினார்கள்.

தினமும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். நான்கு நாள் ஒரே விஷயத்தை எழுதுங்கள், பிறகு நோட்டை மூடிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து, வேண்டுமானால், வேறு விஷயத்துக்குத் திறக்கலாம். நான்கு நாள் முடிவில் எழுத்தில் 'ஏனென்றால்', 'அதனால்' என்ற சொற்கள் ஒன்றிரண்டாவது புதிதாக வந்திருக்கின்றனவா என்று பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். வரவில்லை, முதல் நாள் வாக்கியமே நான்காம் நாளும் நிற்கிறது என்றால், அந்த விஷயத்தை எழுத்தால் இப்போது நகர்த்த முடியவில்லை என்று பொருள். அதை ஒரு மனிதரிடம் வாய்விட்டுப் பேச வேண்டும்.

எழுதவே கூடாத வேளைகளும் உண்டு. டேவிட் ஸ்பாரா என்பவரின் குழு, கணவன் மனைவி பிரிந்து வாழத் தொடங்கிய 90 பேரைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நேர்ந்ததற்கு அர்த்தம் தேடித் தேடி ஓயாதவர்களுக்கு உணர்ச்சிகளைக் கிளறும் எழுத்து தேறுவதைத் தாமதப்படுத்தியது. அன்றன்று செய்ததைச் சாதாரணமாகக் குறித்தவர்களே அந்த நிலையில் நன்றாக இருந்தார்கள். ஆகவே அடி புதிதாக விழுந்த முதல் சில வாரங்களில், எழுந்தது, குளித்தது, உண்டது என்று மட்டும் எழுதுவது போதும். எழுதத் தொடங்கினால் நிலைகுலைந்துவிடுவேன் என்று தோன்றும் விஷயத்தை எழுத வேண்டாம் என்று பென்னபேக்கரே அறிவுறுத்துகிறார். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு பக்கத்திலாவது வந்திருந்தால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் உணவும் வேலையும் கெட்டிருந்தால், நோட்டை நம்பியிருக்க வேண்டாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட எண்ணம் எதையும் நான் காணவில்லை. இருந்தும், எழுதாமல் விட்டிருந்தால் இந்த வரி உங்களுக்காக.

கடைசியாக, நோட்டு யார் கையிலாவது அகப்படும் பயம். நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் மொய் நோட்டு இருக்கும். யார் எத்தனை ரூபாய் செய்தார்கள் என்று முப்பது வருடத்துக் கணக்கையும் எல்லாரும் எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, வீட்டில் ஒருத்தி மட்டும் பார்க்கிற நோட்டு ஒன்று இருக்கலாம் என்பதே விளங்குவதில்லை. பூட்டிவைத்தால் சந்தேகம்தான் வளரும். படித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு எழுதினால், படிக்கப்போகிறவருக்காக எழுதத் தொடங்கிவிடுவோம். அது நாட்குறிப்பு ஆகாது, வக்காலத்து ஆகிவிடும். ஆகவே எழுதியதை வைத்திருந்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். புடைத்து முடிந்த பிறகு, கிடைத்த ஒன்றிரண்டு வரியை மட்டும், மற்றவர் பார்த்தாலும் புரியாதபடி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துவிடலாம். நான் ஆட்டுரலைப் பற்றி எழுதிய பக்கங்கள் இன்று என்னிடம் இல்லை. 'இழவு, இளிவு' என்ற இரண்டு சொற்கள் ஒரு பழைய டைரியின் அட்டையில் இருக்கின்றன. கடையில் உங்களுக்குப் பூட்டுப் போட்ட மேசை இழுப்பறை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; நான்கு நாள் முடியும் வரை தாள்களை அங்கே வைக்கலாம். இப்போதிருக்கும் அறுபது பக்கத்தை மறுபடி படிக்க வேண்டாம். சோற்றுப்பானையைப் பற்றிய வரி இருக்கும் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வார விடுமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் ஒரு மணி நேரம் உறங்குவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, அந்த இரவு நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்து தொடங்குங்கள்.